அடிபட்ட வண்டியை எங்கே விடுவது: கடலூர், சிதம்பரம் வட்டாரத்துப் பட்டறைகளின் வரலாறு

'வண்டி' என்ற சொல் கடலூர் மாவட்டப் பேச்சில் ஒரு காலத்தில் மாட்டுவண்டியைக் குறித்து, பிறகு சைக்கிளுக்கும் ஆகி, இன்று அடைமொழி எதுவுமின்றி வந்தால் மோட்டார் சைக்கிளையோ ஸ்கூட்டரையோதான் குறிக்கிறது. விபத்தில் சிக்கிய வண்டி 'அடிபட்ட வண்டி' எனப்படும். மனிதருக்கு வழங்கும் அதே வினைச்சொல் வண்டிக்கும் வழங்குகிறது. அடிபட்ட வண்டியை எங்கே கொண்டுபோய் விடுவது என்ற கேள்வி வீட்டுத் திண்ணையோடு முடிந்துபோகும் சில்லறை விஷயமாகத் தோன்றினாலும், அதற்குள் இரண்டு கேள்விகள் அடங்கியிருக்கின்றன: எது கெட்டிருக்கிறது என்று சொல்லத் தகுதியுடையவர் யார், கெட்டதைச் சீராக்குபவர் யார் என்பவை அவை. 1950களில் தொடங்கி ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் இவ்விரண்டுக்கும் விடை ஒரே ஆளாக இருந்தது. பின்னர், சட்டமும் காப்பீடும் ஜப்பானியத் தொழில்நுட்பமும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர, பார்க்கும் கண்ணும் பழுதுபார்க்கும் கையும் வேறுவேறாகப் பிரிந்தன.

இத்தொழில் நடக்கும் இடத்துக்கு வழங்கும் 'பட்டறை' என்ற பெயர் மிகப் பழையது. கொல்லர் இரும்பை வைத்து அடிக்கும் அடைகல்லுக்குப் 'பட்டடை' என்று பெயர். அச்சொல்லே திரிந்து பட்டறையாகி, கருவியின் பெயர் அது இருந்த கூடத்துக்கும் ஆயிற்று. திருக்குறளில் பட்டடை வருவது கூடாநட்பு அதிகாரத்தில் என்பது கவனிக்கத்தக்கது: தாங்குவதுபோல இருந்து, சமயம் வாய்த்தபோது வெட்டுக்குத் துணைபோகும் பொய்நட்புக்கு அது உவமை. வண்டியைப் பட்டறையில் விட்டுவிட்டுக் கணக்குச் சீட்டுக்காகக் காத்திருக்கும் எவருக்கும் இந்த உவமையின் பொருத்தம் விளங்கும்.

மோட்டார் வருவதற்கு முன்பே இவ்வட்டாரத்தில் இரும்புவேலை பெரிய அளவில் நடந்ததுண்டு. கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடையே வெள்ளாற்று முகத்துவாரத்தில் உள்ள பரங்கிப்பேட்டையில், 1830-இல் ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற ஆங்கிலேயர் உலை அமைத்து, சேலத்துத் தாதுவை மரக்கரியில் உருக்கி இங்கிலாந்துக்கு அனுப்பினார். காடுகள் கரியாகக் கரைந்ததுதான் மிச்சம். 1860களில் அந்த ஆலை அடங்கிப்போயிற்று. இன்றைய வெல்டிங் பட்டறைகளை அந்த உலையின் வாரிசுகளாகக் காட்ட உள்ளூர்ப் பெருமிதம் ஆசைப்படலாம். ஆனால் ஆலை அணைந்தபோது உலகில் பெட்ரோல் மோட்டார் சைக்கிளே பிறந்திருக்கவில்லை என்பதால் அந்த உறவு செல்லாது. நெல்லிக்குப்பத்தில் 1842-இல் பாரி கம்பெனியார் தொடங்கிய சர்க்கரை ஆலையையும், 1870களில் விழுப்புரத்திலிருந்து கடலூர் வழியாகத் தெற்கே சென்ற தென்னிந்திய ரயில்வேப் பாதையையும் சொல்வதே பொருத்தம். ஆலைக்கு ஃபிட்டரும் கடைசல்காரரும் தேவைப்பட்டனர். ஃபிட்டர் என்பவர் இயந்திர உறுப்புகளை அளந்து, அரம்போட்டு, பொருத்துபவர். சென்னையிலிருந்து உதிரிப்பாகப் பார்சல்கள் வந்து இறங்குவதற்கு ரயில் நிலையங்கள் வாய்ப்பாக அமைந்தன.

மோட்டார் சைக்கிள் சாதாரண உத்தியோகஸ்தர் கைக்கு வரும் வாய்ப்பு சுதந்திரத்துக்குப் பின்னரே உருவாயிற்று. 1955-இல் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டு நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் முதலில் உறுப்புகளைப் பூட்டி, பின்னர் உறுப்புகளையே செய்யலாயினர். 1961-இல் மைசூரில் ஜாவா உற்பத்தி தொடங்கியது. இறக்குமதிக் கட்டுப்பாடும் உற்பத்தி உரிமக் கட்டுப்பாடும் நிலவிய அந்தப் பதிற்றாண்டுகளில், பணத்தைக் கட்டிவிட்டு ஒரு பஜாஜ் ஸ்கூட்டருக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்கள் பலர். புது வண்டி எளிதில் கிடைக்காத ஊரில் பழைய வண்டியைத் தூக்கிப்போடும் எண்ணமே எழாது. எவ்வளவு நசுங்கினாலும் வண்டி பட்டறைக்குத்தான் போயிற்று. 'தேறுமா தேறாதா' என்ற கேள்வி ஓட்டியவரைப் பற்றி மருத்துவமனையில் கேட்கப்பட்டதே தவிர, வண்டியைப் பற்றிப் பட்டறையில் கேட்கப்படவில்லை.

அக்காலத்து மதிப்பீடு என்பது மேஸ்திரியின் கண்ணும் கையும்தான். முன்பக்கம் மோதிய வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, அவர் முதலில் எதிரே நாலடி தள்ளிக் குந்தி, ஹேண்டில்பாரை நேராக வைத்து, இரண்டு ஃபோர்க் குழாய்களும் இணையாக இறங்குகின்றனவா என்று பார்ப்பார். ஃபோர்க் என்பது முன்சக்கரத்தை இருபுறமும் தாங்கி, ஸ்பிரிங்கையும் எண்ணெயையும் உள்ளடக்கி, மேட்டுப்பள்ளத்தை வாங்கிக்கொள்ளும் குழாய் இணை. ஐயம் வந்தால் குழாய்களைக் கழற்றி, தடித்த கண்ணாடிப் பலகையின்மேல் உருட்டிவிட்டு, அடியில் வெளிச்சம் எங்கே கசிகிறது என்று கவனிப்பார். வெளிச்சம் தெரியும் இடத்தில் குழாய் வளைந்திருக்கிறது. அடுத்தது நூல். ஒரு நீண்ட நூலைப் பின்சக்கரத்தின் இருபுறமும் படியக் கட்டி முன்சக்கரம் வரை இழுத்துப் பிடித்தால், இருபக்கத்து இடைவெளியும் ஒத்திருக்க வேண்டும். ஒருபுறம் நூல் டயரைத் தொட்டு மறுபுறம் விலகினால், சக்கரமோ ஃபோர்க்கோ, எல்லாவற்றிலும் கெட்டதாகச் சேஸின் கழுத்தோ திரும்பியிருக்கிறது என்று பொருள். சேஸ் என்பது எஞ்சினையும் டேங்கையும் சீட்டையும் சுமக்கும் எலும்புக்கூடு. அதன் கழுத்து, ஹேண்டில்பாரின் தண்டு புகுந்து திரும்பும் முன்குழாய். கொத்தனார் சுவருக்குப் பிடிக்கும் அதே நூலை மெக்கானிக் வண்டிக்கும் பிடித்தார் என்பதில் வியப்பில்லை. சரிந்ததை நிமிர்த்தும் வேலை இருவருக்கும் பொது.

நோய் தெரிந்தபின் வேலை பல கைகளுக்குப் பிரிந்தது. குழாயின் வளைவை அழுத்திப் 'பெண்டு எடுக்க' லேத் பட்டறை இருந்தது. லேத் என்பது உலோகத்தைச் சுழலவிட்டுக் கடையும் இயந்திரம், அதில் குழாயைப் பூட்டிச் சுழற்றினால் கோணல் எவ்வளவு என்பது கண்ணுக்கே தெரியும். ரிம்மின் கோட்டத்தை ஸ்போக்ஸ் கம்பிகளை ஒவ்வொன்றாக முறுக்கியும் தளர்த்தியும் எடுப்பதில் சைக்கிள் கடைக்காரர் பல மெக்கானிக்குகளைவிடத் தேர்ந்தவர். நசுங்கிய டேங்க் டிங்கரிங் செய்பவரிடம் போகும். தகட்டைத் தட்டி நிமிர்த்தும் தொழிலுக்கு இவ்வட்டாரத்தில் வழங்கும் பெயர் அது. டேங்கில் பற்றுவைக்கும் முன் பெட்ரோலை வடித்துத் தண்ணீர் நிரப்புவது அத்தொழிலின் முதல் பாடம், ஏனெனில் காலி டேங்கில் தங்கிய பெட்ரோல் ஆவி நெருப்பு பட்டால் வெடிக்கும். பிறகு பட்டி தடவி, தேய்த்து, பெயின்ட் அடிப்பார்கள். எனவே, வண்டியை யாரிடம் விடுவது என்பது எந்த மெக்கானிக் என்ற கேள்வி மட்டுமன்று; அவருக்குப் பின்னால் எந்த லேத்துக்காரர், எந்த டிங்கர், எந்தப் பெயின்டர் என்ற கேள்வியும் ஆகும். இந்த உறவு வலையே பட்டறையின் உண்மையான முதல். செட்டின் தகரக் கூரையும் ஸ்பானர் பெட்டியும் அதற்கு அடுத்தவை.

கொல்லுத் தொழில் குலவழி வந்தது. மெக்கானிக் தொழில் அப்படி வரவில்லை. மண்ணெண்ணெயில் பல்சக்கரம் கழுவும் கையாளாக நுழைந்த சிறுவன், டீ வாங்கிவந்து, ஸ்பானர் எண்களை மனப்பாடம் செய்து, சில ஆண்டுகளில் எஞ்சினைத் திறக்கும் உரிமை பெற்று, பின்னர் தனியாக ஒரு செட்டுப் போடுவதே அதன் வழக்கம். பல சாதியினரும் சமயத்தினரும் இத்தொழிலுக்குள் வரமுடிந்தது இதனால்தான். அதன் இருண்ட பக்கத்தையும் சொல்லியாக வேண்டும்: பள்ளிக்கூடத்தை விட்ட பிள்ளைகளின் கூலியில்லா உழைப்பின்மேல் நின்ற தொழில் அது. அரசு தொழிற்பயிற்சி நிலையத்தின் சான்றிதழ் பின்னாளில் ஒரு மாற்றுவழியைத் திறந்தாலும், வாடிக்கையாளர் சான்றிதழைப் பார்த்து வண்டியை விட்டதில்லை. 'யாரிடம் தொழில் கற்றவர்' என்பதையே கேட்டார்.

இரண்டு ஊர்களின் அமைப்பும் இந்தத் தேர்வைப் பாதித்தது. கடலூர் ஒரே ஊரன்று. 1690-இல் ஆங்கிலக் கம்பெனி மராத்தியரிடமிருந்து தேவனாம்பட்டினக் கோட்டையை வாங்கியபோது, கோட்டையிலிருந்து சுடும் பீரங்கியின் குண்டு எட்டும் தூரம்வரை உள்ள ஊர்களும் விற்பனையில் அடக்கம் என்று ஒப்பந்தமானது. அவை 'குண்டு கிராமங்கள்' எனப்பட்டன. துறைமுகத்தை ஒட்டிய பழைய நகரம், கோயிலைச் சூழ்ந்த திருப்பாதிரிப்புலியூர், கலெக்டர் அலுவலகமும் நீதிமன்றமும் கொண்ட மஞ்சக்குப்பம் எனக் கெடிலத்தின் இருகரையிலும் சிதறிக் கிடந்த குடியிருப்புகள் சேர்ந்து நகரமானதால், எல்லாப் பட்டறைகளும் கூடும் ஒரே தெரு அங்கு உருவாவது கடினமாயிற்று. அவரவர் பகுதிக்கு அவரவர் மெக்கானிக். சிதம்பரமோ நடராசர் கோயிலின் நான்கு வீதிகளுக்குள் சுருண்ட ஊர். ரயில் பாதைக்குக் கிழக்கே 1929-இல் நிறுவப்பட்ட அண்ணாமலைப் பல்கலைக்கழகமும், 1945-இல் தொடங்கிய அதன் பொறியியல் புலமும் வெளியூர் மாணவரை அங்கு குவித்தன. உள்ளூரில் மாமன் மச்சான் இல்லாத மாணவனுக்கு நம்பிக்கையான பட்டறை எது என்பது விடுதியில் மூத்த மாணவன் சொல்லித் தெரியவேண்டிய செய்தி. அவ்வாறு ஓர் ஆண்டிலிருந்து அடுத்த ஆண்டுக்குக் கைமாறிய பரிந்துரையே அங்கு ஒரு மெக்கானிக்கை வாழவைத்தது.

இந்த நேரடி உறவுக்கு நடுவே அரசு நுழைந்தது காவல் நிலையத்தின் வழியாக. ஆளுக்குக் காயம்பட்டு வழக்குப் பதிவானால், வண்டி முதலில் பட்டறைக்குப் போக முடியாது. நிலையத்து வேப்பமரத்தடியில் நின்று, மோட்டார் வாகன ஆய்வாளர் வரும்வரை காத்திருக்க வேண்டும். மக்கள் அவரை இன்றும் 'பிரேக் இன்ஸ்பெக்டர்' என்றே அழைக்கின்றனர். வண்டியின் இயந்திரக் கோளாறால் விபத்து நேர்ந்ததா, இல்லையா என்று எழுதித்தருவது அவர் வேலை. பிரேக் பிடிக்கிறதா என்பதே அதில் தலையாய சோதனை. ஆய்வு முடிந்தபின் வண்டியை 24 மணிநேரத்துக்குள் உரியவரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 136-ஆம் பிரிவு சொல்கிறது. துருவேறிக் கொடி படர்ந்து நிற்கும் வண்டிகள் எந்த ஊர்க் காவல் நிலையத்திலும் காணக்கிடைப்பவை என்பதால், சட்டத்தின் மணிக்கணக்கும் நிலையத்தின் காலக்கணக்கும் வேறு என்பதைத் தனியே விளக்கவேண்டியதில்லை. ஆனால் அந்த ஆய்வு குற்றம் யாருடையது என்பதற்கான மதிப்பீடே; வண்டியை நிமிர்த்த என்ன செய்யவேண்டும் என்பதை அது சொல்வதில்லை.

செலவை மதிப்பிடும் மூன்றாமவர் காப்பீட்டின் வழியாக வந்தார். 1939-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி, பிறருக்கு நேரும் தீங்குக்கான காப்பீடு 1946 ஜூலை 1 முதல் கட்டாயமாயிற்று. 'தர்ட் பார்ட்டி' என்று வழங்கும் அது, ஓட்டுபவரின் சொந்த வண்டிக்கு ஒரு காசும் தராது; ஆகவே நெடுங்காலம் வண்டிப் பழுது சொந்தப் பையிலிருந்தே பார்க்கப்பட்டது. 1973-இல் பொதுக் காப்பீடு நாட்டுடைமையாகி நான்கு நிறுவனங்களாகத் தொகுக்கப்பட்டபோது, அவற்றுள் யுனைடெட் இந்தியா சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டது. சொந்த வண்டிக்கும் சேர்த்துக் காப்பீடு எடுத்தவர், பழுதைத் தொடங்குமுன் சர்வேயரிடம் காட்ட வேண்டும் என்ற நடைமுறை அலுவலர் வட்டத்தில் மெல்லப் பழக்கமாயிற்று. சர்வேயர் என்பவர் சேதத்தைப் பார்த்து, எதைச் சரிசெய்யலாம், எதை மாற்றலாம், எவ்வளவு தரலாம் என்று குறித்துத் தருபவர். பட்டறைக்காரர் தரும் செலவுப் பட்டியல் 'எஸ்டிமேட்' ஆயிற்று. அதுவரை வாய்ச்சொல்லாக இருந்த கணக்கு அச்சிட்ட தாளில், முத்திரையோடு கேட்கப்பட்டது. பில் புத்தகம் இல்லாத செட்டுகள், கைத்திறன் குறையாமலேயே, இந்தப் போட்டியில் பின்தங்கின.

2002-ஆம் ஆண்டின் இந்திய மோட்டார் கட்டணவிதிகள் இந்தக் கணக்கை எண்களாக வரையறுத்தன. வண்டியின் காப்பீட்டு மதிப்பு, அதாவது ஐ.டி.வி., ஆண்டுதோறும் இறங்கி, நான்கு ஆண்டுகள் கடந்த வண்டிக்குப் புது விலையில் பாதியாகும். பழுதுச் செலவு அம்மதிப்பில் 75 விழுக்காட்டைத் தாண்டினால் வண்டி 'டோட்டல் லாஸ்', அதாவது முழு இழப்பு. எடுத்துக்காட்டாக, 80,000 ரூபாய் வண்டி ஐந்தாம் ஆண்டில் 40,000 ரூபாய். 30,000 ரூபாய்க்கு மேல் எஸ்டிமேட் வந்தால் அது ஏட்டளவில் செத்த வண்டி. 'தேறுமா தேறாதா' என்ற கேள்வி இவ்வாறு வண்டிக்கும் வந்து சேர்ந்தது. எந்த உறுப்புக்கு எவ்வளவு தேய்மானம் என்பதிலும் ஒரு வரலாறு ஒளிந்திருக்கிறது. மாற்றப்படும் ரப்பர், பிளாஸ்டிக் உறுப்புகளின் விலையில் பாதியை உரிமையாளரே ஏற்கவேண்டும் என்பது விதி. தகட்டு மட்கார்டும் இரும்பு ஹெட்லைட் கூடும் கொண்ட பழைய என்ஃபீல்டு புல்லட்டுக்கு அது பெரிதன்று, தலை முதல் வால் வரை பிளாஸ்டிக் போர்த்திய பிற்கால வண்டிகளுக்கு அதுவே பெருஞ்சுமை.

அந்தப் பிற்கால வண்டிகளின் வரிசை 1984-இல் ஜப்பானிய நிறுவனங்களின் கூட்டோடு தொடங்கியது. ஓசூரில் இண்ட்-சுசுகி, ஹோண்டாவோடு சேர்ந்த ஹீரோ, எஸ்கார்ட்ஸ் வழியே யமஹா என 100 சி.சி. வண்டிகள் ஓரிரு ஆண்டுகளுக்குள் சந்தைக்கு வந்தபோது, அவற்றோடு 'கம்பெனி சர்வீஸ்' என்ற புதிய இடமும் வந்தது. அங்கே வண்டியை வாங்கிக்கொள்பவர் வேறு, பழுதுபார்ப்பவர் வேறு. இருவருக்கும் இடையே ஜாப் கார்டு என்ற அட்டை. வளைந்த ஃபோர்க்கை நிமிர்த்துவதைவிடப் புதிதாக மாற்றுவதே அங்கு வழக்கம். அதைக் கொள்ளை என்று ஒதுக்கிவிட முடியாது: பெண்டு எடுத்த குழாயின் குரோமியப் பூச்சில் மயிரிழை விரிசல் விழுந்தால் ஆயில் சீல் கிழிந்து எண்ணெய் கசியும், அலாய் சக்கரத்தை ஸ்போக்ஸ் ரிம்போல அடித்து நிமிர்த்தினால், அது கண்ணுக்குத் தெரியாமல் விரிசல் விட்டுப் பின்னொரு நாள் வேகத்தில் உடையக்கூடும். மறுபுறம், கால்வைக்கும் கம்பி சற்று வளைந்ததற்கும் ஹேண்டில்பார் திரும்பியதற்கும் முழுப் பட்டியல் போடுவது தொழில்நுட்பத்தைவிட வணிகத்துக்கே நெருக்கமானது. கழுத்தும் சேஸும் சக்கரமும் அடிபட்டால் கம்பெனி, மற்றவற்றுக்குத் தெரிந்த மெக்கானிக் என்று வட்டாரத்தார் தாமே வகுத்துக்கொண்ட பாகுபாடு, பல விளம்பரங்களைவிட அறிவுள்ளது.

தூரம் சுருங்கியது அடுத்த மாற்றம். ஓடாத வண்டியை முன்பு தள்ளிக்கொண்டோ மாட்டுவண்டியில் ஏற்றியோ அருகிலிருந்த பட்டறைக்குத்தான் கொண்டுபோக முடிந்தது. 2005-இல் வந்த டாடா ஏஸ், 'குட்டி யானை' என்ற பெயரோடு தெருமுனை தோறும் நின்ற பிறகு, புதுச்சத்திரம் அருகே விழுந்த வண்டியைக் கடலூருக்கா சிதம்பரத்துக்கா கொண்டுபோவது என்பது ஒரு வாடகைப் பேரம் மட்டுமே ஆயிற்று. வடக்கே சுமார் 20 கிலோமீட்டரில் உள்ள புதுச்சேரியும் கணக்கில் சேர்ந்தது. வரி குறைவு என்று அங்கே வண்டி வாங்கியவர்கள் அடிபட்டபோதும் வாங்கிய இடத்தையே நாடினர். கிடைக்காத பழைய உறுப்புக்குச் சென்னைப் புதுப்பேட்டை இருந்தது. பிரித்துப்போட்ட வண்டிகளின் உறுப்புகளை விற்கும் அந்தச் சந்தையிலிருந்து வருவது எந்த வண்டியின் எந்த விபத்தில் மிஞ்சியது என்று கேட்பார் இல்லை.

2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலையும், 2011 டிசம்பர் 30-இல் தானே புயலும், 2015-இன் பெருவெள்ளமும் இம்மாவட்டத்தைத் தாக்கியபோது, மோதாமலே கெட்ட வண்டிகள் பட்டறைகளுக்கு வந்தன. நீரில் மூழ்கிய வண்டியை ஸ்டார்ட் செய்து பார்க்காதே என்பது மெக்கானிக்குகளின் முதல் எச்சரிக்கை. சிலிண்டருக்குள் புகுந்த நீர் அமுங்காததால் கனெக்டிங் ராடு வளையும், உப்புநீர் தங்கினால் பேரிங்குகள் அரிக்கப்பட்டுவிடும்.

இவ்வளவு பேர் பார்த்து முடித்த பின்னும் ஒரு மதிப்பீடு மிஞ்சுகிறது, அது வீட்டுப் பெண்களுடையது. ரத்தம் பட்ட வண்டி ராசியா இல்லையா என்பதை எந்த சர்வேயரும் எழுதித்தர முடியாது. பட்டறையிலிருந்து வரும் வண்டியை நேரே வீட்டுக்குள் விடாமல், கடலூர்ப் பாடலீஸ்வரர் கோயில் வாசலிலோ சிதம்பரத்துத் தில்லைக் காளி சன்னதியிலோ நிறுத்தி, கற்பூரம் காட்டி, சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி எடுத்துவரும் குடும்பங்கள் உண்டு. ஒரு முறை விழுந்தால் விற்றுவிடு என்று பிடிவாதம் பிடிக்கும் வீடுகளும் உண்டு. அப்படி விற்கப்படும் வண்டியை வாங்க வருபவர், முன்னால் நாலடி தள்ளிக் குந்தி, ஃபோர்க் குழாய்கள் இணையாக இறங்குகின்றனவா என்று பார்க்கிறார்.